அளவுச் சட்டை: புஜைராக் கரையில் பிள்ளைகளின் கோடை உடுப்பு

உடையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பெரியவர்களின் உடையைத்தான் எழுதுகிறார்கள். அரசர்களின் பட்டு, படையினரின் சீருடை, மணமகளின் கூறை என்று அது போய்க்கொண்டிருக்கும். மூன்று வயதுப் பிள்ளை வெயில் காலத்தில் எதைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் விளையாடியது என்ற விபரம் அந்த நூல்களில் கிடைக்காது. அதற்கு ஒரு காரணமும் உண்டு. பிள்ளையின் சட்டை மிஞ்சுவதில்லை. மூத்ததுக்குச் சிறுத்தால் இளையதுக்கு, இளையதுக்கும் சிறுத்தால் அயல்வீட்டுப் பிள்ளைக்கு, அதற்குப் பிறகு அடுப்படியில் பிடிதுணி. நூதனசாலைக்குப் போய்ச் சேர எதுவும் மீதம் இருக்காது.

நான் இங்கே எழுத நினைப்பது புஜைராவைப் பற்றி. ஐரோப்பாவுக்கு வந்து சேருமுன் 2010 முதல் நான்கு வருடம் அங்கே ஓர் உணவுச்சாலையின் குசினியில் வேலை செய்தேன். எம்மவர்களுக்கு டுபாய் தெரியும், அபுதாபி தெரியும். புஜைரா என்றால் ‘அது எங்கை?’ என்றுதான் கேட்பார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தின் ஏழு ஆட்சிப் பிரதேசங்களில் பாரசீக வளைகுடாவைத் தொடாமல் முழுவதும் ஓமான் குடாப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பது இது ஒன்றுதான். முதுகுக்குப் பின்னால் ஹஜர் மலை, முன்னால் கடல், நடுவில் பேரீச்சந் தோட்டங்கள் கொண்ட ஒடுங்கிய கரை. பிரித்தானியர் இதைத் தனி ஆட்சிப் பிரதேசமாக ஏற்றுக்கொண்டதே 1952இல்தான். 1971 டிசம்பர் 2ஆம் திகதி கூட்டமைப்பில் சேர்ந்தது. 1970களில் மலையை ஊடறுத்துத் தார்வீதி போடும்வரை டுபாயிலிருந்து இங்கு வருவது இலேசான பயணமல்ல.

கோடை என்பது இங்கே ஒரு பருவம் மட்டுமல்ல. எண்ணெய்க்கு முந்திய காலத்தில் அது ஒரு பெரிய குடிபெயர்வு. வளைகுடாப் பக்கத்து ஆண்கள் ஜூனிலிருந்து செப்ரெம்பர் வரை முத்துக்குளிக்கக் கடலுக்குப் போய்விடுவார்கள். (அதே மாதிரியான சுழியோடிகள் எங்களுடைய கடலுக்கும் வந்திருக்கிறார்கள். 1900களின் தொடக்கத்தில் மன்னார் மரிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்புகளில் வளைகுடா அராபியர்களும் இருந்தார்கள்.) பெண்களும் பிள்ளைகளும் வயோதிபர்களும் வெக்கை பொறுக்கமாட்டாமல் தோட்டங்களும் கிணறும் நிழலும் உள்ள இடங்களுக்கு வெளிக்கிடுவார்கள். அப்படி வந்து சேருகிற இடங்களில் புஜைராக் கரையும் ஒன்று. ஓலை வீடு, ஈச்சமர நிழல், மூன்று நான்கு மாதம். ஆண்கள் இல்லாத அந்த மாதங்களில் பெண்கள் கூடியிருந்து செய்த வேலைகளில் தையலும் பின்னலும் முக்கியமானவை.

அங்குள்ள பின்னலுக்குத் ‘தல்லி’ என்று பெயர். உலோகக் கால்களின் மேல் ஒரு திண்டை வைத்து, அதில் பருத்தி நூல்களையும் வெள்ளிச் சரிகையையும் குத்தி, ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கோர்த்து நாடாபோலப் பின்னுவார்கள். பெண்பிள்ளையின் கந்தூராவின் கழுத்திலும் கைநுனியிலும் அது ஏறும். 2022இல் யுனெஸ்கோ இந்தத் தல்லியை மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. இன்று விழாக்களில் வயது போன பெண்களை இருத்திவைத்து இதைக் காட்சிப்படுத்துகிறார்கள். ஆனால் இந்தக் கைவேலையின் பெரும்பகுதி காட்சிக்காகச் செய்யப்பட்டதல்ல. பெருநாளுக்கு ஒரு புதுச்சட்டை, ஷஃபான் மாதத்து நடுநாளில் வீடு வீடாகப் போய் இனிப்பும் கொட்டைகளும் வாங்கப் பிள்ளைகளின் கழுத்தில் தொங்கவிடும் ஒரு துணிப்பை, அவ்வளவுதான். ‘ஹக் அல் லைலா’ என்கிற அந்த நாளில் இப்போதும் புஜைராத் தெருக்களில் பிள்ளைகள் பையோடு திரிவதைக் காணலாம். பை மட்டும் இப்போது கடையில் வாங்கியதாக இருக்கும்.

துணி எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி இந்தியாவிலிருந்து, கடல் வழியாக. 1966 வரை இந்தக் கரைகளில் புழங்கியது இந்திய ரூபாய். 1959இலிருந்து இந்திய ரிசேர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய்த் தாள் அடித்தது. திர்ஹம் வந்தது 1973இல். ஆக, இப்போது அறுபது வயதை நன்றாகத் தாண்டிய புஜைராக்காரரின் தாய்மார் பிள்ளைக்குச் சட்டைத்துணி எடுத்தபோது எண்ணிக் கொடுத்தது எங்கள் பக்கத்துக் காசு. எங்கள் முதலாளியின் தாயார், நன்றாக வயது போனவர், ‘ரூபியா’ என்ற சொல்லைச் சாதாரணமாகப் பாவிப்பார்.

எங்களுடைய தையல் சொற்களைச் சற்றுக் கிளறிப் பார்த்தாலும் கடல்தான் வெளிவருகிறது. யாழ்ப்பாணத்தில் பையன்களின் அரைக்காற்சட்டையைக் களிசான் என்போம். அது போர்த்துக்கேயச் சொல். பொத்தான் போர்த்துக்கேயச் சொல். லேஞ்சியும் துவாயும் அப்படியே. எங்களுக்கென்று ‘தெறி’ என்ற நல்ல சொல் இருந்தும் பொத்தான் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. பூப்போட்ட பருத்தித் துணிக்கு எங்கள் அம்மம்மாமார் சொல்லும் சீத்தை, ஆங்கிலேயர் ‘சின்ற்ஸ்’ என்று கொண்டுபோன அதே சொல்லின் உறவு. இந்தப் போர்த்துக்கேயர் 1507இல் புஜைராவுக்கு அருகிலுள்ள கோர்ஃபக்கானைச் சூறையாடினார்கள். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தை விழுங்கினார்கள். இரண்டு கரையிலும் கோட்டை கட்டினார்கள். எங்களுக்குக் களிசானையும் விட்டுப் போனார்கள்.

தைத்த உடுப்பு தமிழருக்குப் புதியதல்ல. சிலப்பதிகாரம் சொல்லும் புகார் நகரில் துன்னகாரர் இருந்தார்கள். துன்னகாரர் என்றால் தையற்காரர். ஆனால் சாதாரண வீடுகளில், அதுவும் சிறுபிள்ளைகளுக்கு, தைத்த சட்டை பிந்தித்தான் வந்தது. அரைஞாண் கயிறும் கோவணமுமே வெயிலுக்குப் போதும் என்றிருந்த ஊர்கள்தான் எங்களுடையவை. வெக்கையை வைத்துப் பார்த்தால் அது ஒன்றும் முட்டாள்தனமான ஏற்பாடல்ல. 1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையில் வாசிப்போடு தையலும் ஒரு பாடமாக இருந்தது. 1877இல் சிங்கர் கொம்பனி இலங்கைக்கு வந்தது. தவணைக் காசுக்கு மெசின் கொடுக்கும் அதன் முறையால் ஏழை வீட்டிலும் மெசின் ஏறக்கூடியதாயிற்று. பிறகு அது சீதனப் பட்டியலிலும் ஏறியது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. மேலாடைக்குச் சாதி பார்த்த சமூகம் எங்களது. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேற்சட்டை போடும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராடி 1859இல்தான் ஓர் அரச பிரகடனத்தைப் பெற்றார்கள். யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் மேலாடையோடு தெருவில் போவது இருபதாம் நூற்றாண்டு பிறந்த பின்னும் அடிதடிக்குரிய விஷயமாக இருந்தது. எனவே ‘அந்தக் காலத்தில் பிள்ளைகள் காற்றோட்டமாகத் திரிந்தார்கள்’ என்று பழமையைப் பாடுகிறவர்கள், எந்தப் பிள்ளைக்குச் சட்டை வேண்டாமென்று விட்டார்கள், எந்தப் பிள்ளைக்குச் சட்டை மறுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

*

1970களின் பிற்பகுதியிலிருந்து இலங்கைப் பெண்கள் மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். 1985இல் அரசாங்கம் இதற்கென்றே வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை அமைத்தது. அதே காலத்தில் இன்னொரு வாசலும் திறந்தது. அது ஆடைத் தொழிற்சாலை. 1974இல் நடைமுறைக்கு வந்த பல்நார் ஒப்பந்தத்தின்படி பணக்கார நாடுகள் ஒவ்வொரு ஏழை நாட்டுக்கும் இவ்வளவு சட்டைதான் அனுப்பலாம் என்று பங்கீடு விதித்தன. பங்கீடு முடிந்துபோன நாட்டு முதலாளிகள் பங்கீடு இல்லாத நாட்டைத் தேடிப்போய் மெசினை இறக்கினார்கள். 1978இல் தொடங்கிய கட்டுநாயக்க வலயத்துக்கு அப்படி வந்தவர்கள் உண்டு. எண்பதுகளில் அமீரகத்தின் சிறிய ஆட்சிப் பிரதேசங்களுக்கும் அப்படி வந்தார்கள். பருத்தி விளையாத மண்ணில், வெளியிலிருந்து துணி, வெளியிலிருந்து மெசின், வெளியிலிருந்து தையற்காரிகள். தைத்து முடித்தது அமெரிக்காவுக்கு! தையற்காரிகளில் பெரும் தொகையினர் இலங்கையரும் இந்தியருமான பெண்கள்.

புஜைராவில் எங்கள் கடையில் மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் எடுக்கிறவர்களில் மட்டக்களப்புப் பக்கத்து அக்கா ஒருவர் இருந்தார். ஹமாட் பின் அப்துல்லா வீதிக்குப் பின்னால் ஒரு சின்னத் தையல்கடையில் வேலை. தொண்ணூறுகளில் ஒரு கார்மென்ற்ஸுக்கென்று வந்து, அது மூடப்பட்டதும் இங்கே ஒதுங்கியவர். அவர் வேலை செய்த இடத்தில் தைத்தது முழுக்கச் சிறுபிள்ளைகளின் கோடை உடுப்பு. கையில்லாத சட்டை, அரைக்காற்சட்டை, பெண்பிள்ளைகளின் ‘சண் ட்ரெஸ்’. லைனில் ஒருத்தி கழுத்துப் பட்டி, அடுத்தவள் அக்குள், அதற்கடுத்தவள் ஓரம். அவர் ஐந்து வருடம் கழுத்துப் பட்டி மட்டும் தைத்தார். “ஒரு முழுச் சட்டைய நான் அங்க தச்சதே இல்ல தம்பி” என்றார். இரண்டு வயது, மூன்று வயது, நான்கு வயது அமெரிக்கப் பிள்ளையின் கழுத்தளவு அங்குலக் கணக்கில் அவருக்கு மனப்பாடம். ஊரில் தாயோடு விட்டு வந்த மகனுக்கு எத்தனையாம் இலக்கச் சப்பாத்து என்று ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் கேட்டுத்தான் வாங்குவார்.

2005 ஜனவரி முதலாம் திகதியோடு அந்தப் பங்கீட்டு முறை முடிந்தது. பங்கீட்டை நம்பி அமீரகத்தில் நின்ற தொழிற்சாலைகளில் பல அதற்குப் பிறகு மூடப்பட்டன. எங்களூரில் நிலைமை வேறுவிதமாகப் போனது. 2009க்குப் பிறகு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் புதிய ஆடைத் தொழிற்சாலைகள் திறக்கப்பட்டன. தொண்டு நிறுவனங்கள் போரில் கணவனை இழந்த பெண்களுக்கு ஆளுக்கொரு தையல் மெசின் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டன. ஒரே தெருவில் பத்துப் பேரிடம் மெசின் இருந்தால் யாருடைய சட்டையை யார் தைப்பது என்று கேட்க ஆளில்லை.

*

வளைகுடாவிலிருந்து ஊருக்குப் போன உடுப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் சவூதியிலிருந்தும் டுபாயிலிருந்தும் வந்த பெட்டிகளில் நைலெக்ஸும் லேஸும் வைத்த பளபளக்கும் சட்டைகள் இருந்தன. கசங்காது, சாயம் போகாது, படத்துக்கு வடிவாக இருக்கும். பிள்ளைக்கோ கழுத்தைச் சுற்றி வேர்க்குரு. சித்திரை வெயிலில் அதைப் போட்டுக் கோவிலுக்குக் கூட்டிப்போன பிள்ளை சிணுங்கிக்கொண்டே இருக்கும். செயற்கை நூல் வியர்வையை உறிஞ்சாது, உடம்போடு ஒட்டிக்கொள்ளும். இதைக் கிழவிகள் அறிந்திருந்தார்கள். அதனால்தான் பிறந்த பிள்ளைக்குப் பழைய வேட்டியைக் கிழித்தார்கள். பத்து வருடம் துவைத்த வேட்டியைவிட மெத்தென்ற துணி எந்தக் கடையிலும் இல்லை. 1990இல் சண்டை மீண்டும் தொடங்கி வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்த பிறகு, விரும்பியோ விரும்பாமலோ எல்லோரும் பழந்துணிக்குத்தான் திரும்பினார்கள். ஒரு வாயில் சேலையில், நைந்துபோன நடுப்பகுதியை விட்டுவிட்டு, மூன்று வயதுப் பிள்ளைக்கு மூன்று சட்டையாவது வெட்டலாம். எங்கள் வீட்டில் அக்காவும் நானும் ஒரே சேலையின் சட்டைகளில் சில காலம் திரிந்தோம். எனக்கு அதில் வெட்கமாக இருந்ததாக அக்கா இன்றும் சொல்லிச் சிரிப்பாள்.

புஜைராவின் வெயில் எங்கள் வெயிலைப்போல் அல்ல. ஆடி ஆவணியில் நாற்பது பாகைக்கு மேல் போவதோடு கடலின் ஈரமும் சேர்ந்துவிடும். ஜூன் 15 முதல் செப்ரெம்பர் 15 வரை மத்தியானம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணிவரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று சட்டம் உண்டு. குசினி வெயிலில் இல்லை என்பதால் அது எங்களுக்குப் பொருந்தாது. மூன்றிலிருந்து ஆறுவரை எனக்குக் கிடைக்கும் இடைவேளையில் அந்தத் தையல்கடைக்குப் போய் இருப்பேன். அங்கே குளிரூட்டி இருந்தது என்பதுதான் முதற்காரணம்.

அங்கே பார்த்ததைக் கொண்டு சொல்கிறேன். வெக்கை நாட்டுப் பிள்ளைக்குச் சட்டை தைப்பது கோட்டு தைப்பதைவிட இலேசு என்று நினைப்பது தவறு. பருத்தித் துணியை வெட்டுமுன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் தோய்ச்சலிலேயே சுருங்கிவிடும். அக்குளைத் தாராளமாக வெட்டவேண்டும். இடுப்பை இறுக்காமல் நெஞ்சுக்கு மேலிருந்து சுருக்கு வைத்துத் தொங்கவிட்டால் காற்று கீழிருந்து ஏறும். ஓர் ஆண்டுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் தையலின் மடிப்பு வெளிப்பக்கம் வரவேண்டும், தோலில் உராயக்கூடாது. தெறியைப் பிள்ளை பிடுங்கி வாயில் போடும் என்பதால் நாடா. அந்த ஊர்த் தாய்மார் கொண்டுவரும் பிள்ளைக் கந்தூராவிலும் இதே அறிவுதான். உடம்பைத் தொடாமல் தோளில் தொங்குகிற, அகலமான, வெள்ளைப் பருத்தி. கடையில் அடுக்கிவைத்த ஆயத்த உடுப்புகள் மலிந்த பிறகும் அவர்கள் தையல்கடைக்கு வருவதற்கு அதுதான் காரணம். வரும்போது பிள்ளையையும் கொண்டுவருவார்கள். அக்கா அளவுநாடாவைப் போடுமுன்னே பிள்ளை ஓடும். பிடித்து நிறுத்தி அளக்கவேண்டும்.

எங்களுடைய ஆட்களுக்கு அந்த வசதி இல்லை. அமீரகத்தில் ஒரு தொழிலாளி மனைவி பிள்ளையைக் கூப்பிடுவதற்கு மாதம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் வீடும் சம்பளமாக இருக்கவேண்டும். நான் இருந்த காலத்தில் தொழிலின் பெயரையும் பார்த்தார்கள். 2019இல் தொழிலைப் பார்ப்பதை விட்டார்கள், சம்பளத்தை விடவில்லை. எங்கள் குசினியில் எட்டுப் பேரின் சம்பளமும் 1,500ஐத் தாண்டவில்லை. இலங்கை அரசும் தன் பங்குக்கு 2013இல் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்மார் வீட்டு வேலைக்குப் போகக்கூடாது என்று விதி கொண்டுவந்து 2022இல்தான் தளர்த்தியது. பிள்ளையின் நன்மைக்கென்று சொல்லப்பட்ட அந்த விதியில், தாய் போகாவிட்டால் பிள்ளைக்குச் சாப்பாடு எங்கிருந்து வரும் என்பதற்குப் பதில் இருக்கவில்லை.

ஆகவே எங்களவர்களுக்குத் தைப்பது என்றால் பிள்ளை இல்லாமல் தைப்பது. அதற்கு ‘அளவுச் சட்டை’ வேண்டும். பிள்ளைக்கு இப்போது சரியாக இருக்கும் பழைய சட்டையொன்றை ஊரிலிருந்து அனுப்புவார்கள். அதை விரித்து வைத்து வெட்டுவார்கள். கடையின் தட்டில் அப்படி இருபது முப்பது பழஞ்சட்டைகள் மடித்து இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் கடதாசி குத்தியிருக்கும். நாகர்கோவில், அக்கரைப்பற்று, சிலாபம்.

2010இல் அக்காவும் இரண்டு வயது மகளும் செட்டிகுளம் மெனிக் ஃபாம் முகாமில் இருந்தார்கள். அந்த முகாம் 2012 செப்ரெம்பரில்தான் மூடப்பட்டது. கூடாரத் துணிக்குக் கீழே வன்னி வெயில் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பிள்ளைக்கு உடம்பு முழுக்கப் பொக்குளம், நிவாரணத்தில் கிடைத்த சட்டை கம்பளி போலத் தடித்த துணி என்றாள். நான் தையல்கடை அக்காவிடம் போய், நீளம் மூன்று சாண் என்று சொன்னேன். “சாண் கணக்கு வேணாம் தம்பி. ஒங்கட அக்காட சாண் எனக்குத் தெரியுமா? அளவுச் சட்டை அனுப்பச் சொல்லுங்க” என்றார். மகளுக்கு இருந்ததே இரண்டு சட்டை. அதில் ஒன்றை எப்படி அனுப்புவது? கடைசியில் அக்கா ஒரு நூலை எடுத்து, தோளிலிருந்து முழங்கால்வரை பிடித்து ஒரு முடிச்சு, நெஞ்சைச் சுற்றி ஒரு முடிச்சு, கையின் சுற்றளவுக்கு ஒரு முடிச்சு போட்டு, எந்த முடிச்சு எது என்று எழுதி, வவுனியாவிலிருந்த உறவினர் மூலம் தபாலில் அனுப்பினாள். வந்து சேர மூன்று கிழமை.

அந்த நூலை மேசையில் நீட்டிவைத்து அளந்த பிறகு தையல்கடை அக்கா செய்த கணக்கைத்தான் நான் இந்தக் கட்டுரையில் பதிந்துவிட விரும்புகிறேன். எந்தத் தையல் புத்தகத்திலும் நான் அதைப் பார்த்ததில்லை. இரண்டு வயதுப் பிள்ளை ஏறக்குறைய 87 சென்ரிமீற்றர் உயரம். நான்கு வயதில் 103 வரும். எங்கள் வேலை ஒப்பந்தமும் இரண்டு வருடம். இந்த இரண்டு வருடத்தில் பிள்ளையின் நெஞ்சகலம் பெரிதாகக் கூடாது, நீளந்தான் கூடும். சட்டைக் கணக்கில் அது மூன்று அங்குலம். ஆகவே அகலத்தைச் சற்று மட்டும் தளரவிட்டு, நீளத்தில் மூன்று அங்குலத்தை ஒளித்துவைக்க வேண்டும். கீழ் ஓரத்தை இரண்டு அங்குலம் உள்ளே மடித்துக் கையால் இலேசாக ஓட்டுத்தையல். இடுப்புக்குக் கீழே அரை அங்குல மடிப்பு ஒன்று, பார்ப்பவருக்கு அலங்காரம்போலத் தெரியும். பிரித்தால் ஓர் அங்குலம் இறங்கும். மெசின் தையல் போட்டால் பிரித்த இடத்தில் ஊசிக்கண் தெரியும் என்பதால் இவை இரண்டும் கைத்தையல்தான்.

வெள்ளை மல் துணியில் இரண்டு, சின்ன நீலப்பூப் போட்டதில் ஒன்று, மொத்தம் மூன்று சட்டை. துணிக்கு மட்டும் காசு வாங்கினார். மடிப்புக்குள் இருந்த துணி வெளுக்காமல் கடும் நிறமாகவே இருக்கும், பிரித்தால் கோடு தெரியும், அதற்குப் பயப்படவேண்டாம், இரண்டு மூன்று தோய்ச்சலில் போய்விடும் என்று அக்காவுக்கு எழுதச் சொன்னார். பிறகு அதே நீல நூலில் கொஞ்சத்தை ஒரு காட்மட்டைத் துண்டில் சுற்றி, அதில் ஊசியொன்றைக் குத்தி, மூன்றாவது சட்டைக்குள் வைத்து மடித்தார்.